ஒலிநடையும் களப்பதிவும்: டர்பன் பக்கத்துத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ் வகுப்பிலும் கோவில் மண்டபத்திலும் ஒலிநடை பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் எல்லாம் தென்னாப்பிரிக்காவின் டர்பனும் சுற்றுவட்டாரமும்: சாட்ஸ்வொர்த், மெர்பேங்க், இசிபிங்கோ, ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட். புதிதாக வருபவர்கள் மேலிருந்தே படித்து வருவது நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை.

ஒலிநடைன்னா என்ன? சும்மா நடக்கறதுக்கு ஒரு பேரா?

நடப்பதேதான். ஆனால் நடக்கும் நேரம் முழுக்கக் காதுக்குத்தான் வேலை. பேச்சு கிடையாது, போன் கிடையாது, எங்கோ போய்ச் சேர வேண்டும் என்ற அவசரமும் கிடையாது. சுற்றியிருப்பதைக் கேட்பதே முதல் நோக்கம் என்றால் அது ஒலிநடை. வீட்டிலிருந்து மளிகைக்கடை வரை போய்வருவதையும் அப்படி ஆக்கிக்கொள்ளலாம்.

1966-இல் நியூயார்க்கில் மேக்ஸ் நியூஹவுஸ் என்ற தாளக் கலைஞர், நிகழ்ச்சிக்கு வந்தவர்களின் கையில் ‘கேள்’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லை முத்திரை குத்தித் தெருத்தெருவாக அழைத்துப் போனார். கனடாவில் வான்கூவர் பக்கம் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மரி ஷேஃபர் தொடங்கிய உலக ஒலிச்சூழல் திட்டம் இதை ஒழுங்கான பழக்கமாக்கியது. அந்தக் குழுவைச் சேர்ந்த ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1974-இல் ஒலிநடை பற்றி எழுதிய கட்டுரையைத்தான் இன்றும் பலர் முதலில் படிக்கிறார்கள்.

அப்போ களப்பதிவும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. ஒலிநடைக்குக் கருவி வேண்டாம். களப்பதிவு என்றால், ஒலி பிறக்கும் இடத்துக்கே கருவியோடு போய் அங்கேயே பதிவு செய்வது. ஸ்டூடியோவுக்கு வெளியே எடுப்பது எல்லாம் இதில் அடங்கும்: பறவை, மழை, சந்தை, கோவில் மேளம், பாட்டியின் தாலாட்டு. தென்னாப்பிரிக்காவில் இதற்கு நல்ல மரபு உண்டு. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் ஊர் ஊராகப் போய் இசையைப் பதிவு செய்த ஹியூ ட்ரேசி, 1954-இல் ஆப்பிரிக்க இசைக்கான பன்னாட்டு நூலகத்தை நிறுவினார். அது இப்போது மகாண்டாவில், ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

பறவைக் குரலில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய பதிவு 1889-இல் ஜெர்மனியில் ஆனது. லுட்விக் கோக் என்ற சிறுவன் எடிசனின் மெழுகு உருளையில் எடுத்தான். அந்தப் பறவை ஷாமா, தமிழில் சோலைபாடி. தெற்காசியக் காட்டிலிருந்து போய்க் கூண்டில் இருந்த பறவை என்பதால் அதைக் களப்பதிவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் பறவைப் பதிவின் வரலாறு நம் பக்கத்துக் குரலோடு தொடங்குகிறது என்பது நமக்குச் சந்தோஷமான விஷயம்.

முதல் மூன்று நடைகளுக்குக் கருவி எடுத்துப் போகாதீர்கள். மைக் கையில் இருந்தால் கவனம் ஒலியளவைக் காட்டும் லெவல் மீட்டருக்குப் போய்விடும். எதைப் பதிவு செய்வது என்பதைக் காதுதான் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்.

முதல் நடையை எப்படி நடத்தறது? ஆறேழு பேர் தயாரா இருக்கோம்.

ஆறேழு பேர் சரியான அளவு. பத்துக்கு மேல் போனால் காலடிச் சத்தமே கூட்டமாகிவிடும். ஒன்றரை கிலோமீட்டர் தூரம், 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நடையில் பாதி வேகம். ஒருவருக்கொருவர் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி. வழி தெரிந்தவர் முன்னால், பொறுப்பானவர் ஒருவர் கடைசியில். பாதையை முந்தின நாளே, நடக்கப்போகும் அதே மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். ஞாயிறு காலையில் அமைதியாக இருந்த தெரு சனி மாலையில் வேறு தெரு.

பாதையில் ஒலி மாற வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் என்றால், டாக்சிகள் ஹாரன் அடித்து ஆள் கூப்பிடும் பெரிய சாலையில் தொடங்கி, வீடுகள் நெருங்கிய சந்து வழியாகப் போய், சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகத்தின் மரங்களுக்குள் முடிக்கலாம். நடுவில் மூன்று இடத்தில் மூன்று மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நடக்கும்போது நம் உடம்பே நமக்கு எழுப்பும் சத்தம் அடங்க ஒரு நிமிடம் ஆகும். இரண்டாவது நிமிடத்தில்தான் தூரத்துச் சத்தங்கள் வரும்.

கெடுப்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான்: பாக்கெட்டில் சாவிக்கொத்து, உரசும் நைலான் ஜாக்கெட், தட்டென்று அடிக்கும் செருப்பு, பிளாஸ்டிக் பை. பருத்தித் துணி, ரப்பர் அடிக் காலணி போதும். முடிந்ததும் ஒரு இடத்தில் உட்கார்ந்து 20 நிமிடம் பேசுங்கள். அதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரும் தனித்தனியாக எழுதட்டும். பேசத் தொடங்கிவிட்டால் முதலில் பேசியவர் கேட்டதையே எல்லோரும் கேட்டதாகிவிடும்.

எதைக் கேக்கணும்னே தெரியல தம்பி. எல்லாம் வெறும் சத்தமாத்தான் இருக்கு.

அம்மா, அப்படித்தான் தொடங்கும். நிற்கும் இடத்தில் நான்கு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மிகப் பக்கத்தில் என்ன கேட்கிறது? மிகத் தூரத்தில் என்ன? நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது எது? ஒரே ஒரு முறை வந்து போனது எது? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் அந்த இடத்தின் பாதி கைக்கு வந்துவிட்டது.

ஷேஃபர் இதற்கு மூன்று பெயர் கொடுத்தார். அடியில் எப்போதும் ஓடி, நாம் கவனிக்காமலே விட்டுவிடுவது ஆதார ஒலி. கச்சேரியில் தம்பூராச் சுருதி போல. உம்லாங்காவில் அது கடல், மேம்பாலத்தை ஒட்டிய வீட்டில் லாரி இரைச்சல். நம்மைத் திரும்பிப் பார்க்க வைப்பது சைகை ஒலி: டாக்சி ஹாரன், நாய் குரைப்பு, கோவில் மணி. அந்த ஊருக்கே உரியது, இல்லாமல் போனால் ஊர்க்காரர்கள் ‘என்னவோ குறைகிறதே’ என்று நினைப்பது அடையாள ஒலி. ஒரே சத்தம் இடத்துக்கு இடம் வேறு வகையில் சேரும். அதைப் பற்றி வாதாடுவதுதான் நடை முடிந்த பேச்சில் சுவையான பகுதி.

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். நான் வரலாமா?

தாராளமாக வரலாம். வயதாகும்போது முதலில் குறைவது உச்ச ஒலிகள், அதாவது சில்வண்டு, சிறு பறவை. அலையும் மேளமும் பேருந்தும் நன்றாகவே கேட்கும். காதுக்கருவி போட்டிருந்தால், பேச்சை மட்டும் தூக்கிக் கொடுத்து மற்றதை அடக்கும் அமைப்பில் அது இருக்கக்கூடும். இசைக்கென்று தனி அமைப்பு இருந்தால் நடைக்கு அதற்கு மாற்றித் தரும்படி கருவி பொருத்தியவரிடம் கேளுங்கள்.

போனே போதாதா? ரெக்கார்டர் வாங்கியே ஆகணுமா?

நினைவுக்காகவும் பறவையை அடையாளம் காணவும் போன் போதும். அதன் குறை மைக்கில் இல்லை, உள்ளே ஓடும் மென்பொருளில் இருக்கிறது. போன் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. தொடர்ந்து வரும் இரைச்சலை வேண்டாதது என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். நமக்கோ அந்த மழையும் அலையும்தான் வேண்டும். அமைதி வந்தால் தானே ஒலியைக் கூட்டும், சத்தம் வந்தால் தானே குறைக்கும். அதனால் பதிவு மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும்.

போனில்தான் எடுக்க வேண்டும் என்றால், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகச் சேமிக்கும், தானியங்கி லெவலை நிறுத்தவிடும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏரோபிளேன் மோடில் வையுங்கள். கையில் பிடிக்காமல் மடித்த துண்டின்மேல் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். வாட்ஸ்அப்பில் நேரடியாகப் பேசி அனுப்பும் முறையில் மட்டும் வேண்டாம். அது ஒலியைக் கசக்கிப் பிழிந்துவிடும்.

சரி, வாங்கறதுன்னா என்னென்ன வாங்கணும்?

ஜூம் எச்1, டாஸ்காம் டிஆர்-05 போன்ற கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒன்று. அதைவிட முக்கியமாக, அதற்குப் பொருந்தும், காற்றைத் தடுக்கும் ரோம உறை. மூன்றாவது, காதை முழுதும் மூடும் வயர் ஹெட்போன். புளூடூத் தாமதமாகக் கேட்கும், சரிப்படாது. பிறகு சின்ன முக்காலி, 32 ஜிபி அட்டை, மாற்று பேட்டரி. ரோம உறை வாங்கப் பணம் மிஞ்சாது என்றால் விலை குறைந்த ரெக்கார்டரை எடுங்கள். உறை இல்லாத நல்ல கருவி டர்பன் கடற்கரையில் ஒன்றுக்கும் உதவாது.

சிறிய ரெக்கார்டர்களின் உண்மையான குறை அவற்றின் சொந்த இரைச்சல். அமைதியான காட்டில் லெவலைக் கூட்டினால் ‘ஸ்ஸ்’ என்று ஒரு திரை விழும். சந்தையிலும் கோவிலிலும் அது தெரியவே தெரியாது. அதனால் முதல் ஆண்டு சத்தமான இடங்களில் பழகுங்கள். காடுதான் உங்கள் ஆசை என்று தெரிந்த பிறகு சொந்த இரைச்சல் குறைந்த வெளி மைக் வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஊர் ஈரம் கருவிக்கு எதிரி. ஏசி போட்ட காரிலிருந்து இறங்கியவுடன் மைக்கை வெளியே எடுத்தால் அதன்மேல் நீராவி படிந்து, பதிவில் படபடவென்று வெடிச்சத்தம் விழும். பையை மூடியபடியே 20 நிமிடம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

48, 96, 24 பிட், 32 பிட்... தலை சுத்துது. எதை வைக்கறது?

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, வேவ். இதை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்கு 17 எம்பி சொச்சம், ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி சொச்சம். 32 ஜிபி அட்டையில் ஏறக்குறைய 30 மணி நேரம் நிற்கும். 96-க்குப் போனால் இடம் இருமடங்கு பிடிக்கும். பின்னால் ஒலியை மெதுவாக ஓட்டிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் பயன். எம்.பி.3-இல் எடுக்க வேண்டாம். அதில் போனது திரும்பி வராது.

32 பிட் ஃப்ளோட் இருக்கும் கருவியில் லெவல் தவறினாலும் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் மைக்கே தாங்காத அளவு சத்தம் வந்தால் எந்தப் பிட்டும் காப்பாற்றாது.

நாதஸ்வரம் ஆரம்பிச்சதும் பதிவு கிழிஞ்சு போகுது அண்ணா. லெவல் எவ்வளவு வைக்கணும்?

மீட்டரில் மிக உரத்த இடம் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி வையுங்கள். தவில் வாசிப்பவர் கை சூடேறினால் தொடக்கத்தைவிடப் பல டெசிபல் ஏறும். அதனால் அவர் தட்டிப் பார்க்கும்போது வைத்த லெவலை நம்பக்கூடாது. கெட்டிமேளத்தை மனதில் வைத்து இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். மீட்டர் பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும். கிழிந்த சத்தம் என்று நீங்கள் சொல்வது அதுதான். அதைப் பின்னால் ஒட்ட முடியாது. குறைவாக எடுத்ததை உயர்த்திக்கொள்ளலாம்.

இடமும் பாருங்கள். நாதஸ்வரத்தின் விரிந்த அடிவாயான அணசுக்கு நேரே நிற்காதீர்கள். ஆறு முதல் எட்டு மீட்டர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் சீவாளியின் கீச்சு குறைந்து, தவிலின் இரு பக்கங்களான தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்கும். தகரக் கூரை மண்டபத்தில் நடுவே நிற்பதைவிட வாசல் பக்கம் எதிரொலி குறைவு. தானியங்கி லெவலை நிறுத்த மறக்க வேண்டாம்.

கடற்கரையில எடுத்தா அலையே கேக்கல. புர்ர்னு காத்துதான் விழுது.

அது காற்றின் சத்தமே அல்ல. காற்று மைக்கின் சவ்வை நேராகத் தள்ளுவதால் வரும் உறுமல். மைக்கோடு வரும் நுரை உறை மூச்சுக்காற்றுக்குத்தான் தாங்கும். வெளிக்காற்றுக்கு ரோம உறை வேண்டும். நீண்ட ரோமம் காற்றின் வேகத்தைச் சிதறடித்து, ஒலியை மட்டும் உள்ளே விடும். நனைந்து முடி ஒட்டிக்கொண்டால் வேலை செய்யாது. காயவைத்துச் சீப்பால் வாரிவிடுங்கள். வீட்டிலேயே தைக்கலாம்: பொய்ரோமத் துணியின் பின்பக்கத்தில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் போகும் துணிதான் ஆகும். பின்பக்கம் பசை தடவிக் கெட்டியான துணி உச்ச ஒலியை விழுங்கிவிடும்.

இங்கே வடகிழக்கும் தென்மேற்கும்தான் முக்கியக் காற்று. இரண்டும் கரையை ஒட்டியே வீசும். பகல் ஏற ஏற வடகிழக்கு எழும். விடியலில் பெரும்பாலும் அடங்கியிருக்கும். தரைக்கு அருகே காற்று மெதுவாகத்தான் போகும் என்பதால் முக்காலியை அரை மீட்டருக்குத் தாழ்த்தி, புதர் அல்லது சுவரின் மறைவில் வையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் கீழ்வெட்டு அமைப்பும் உதவும். ஆனால் காற்றின் அடியில் லெவல் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தால் எந்த வெட்டும் அதைத் திருத்தாது.

ராத்திரி பதிவுல எப்பவும் ‘ம்ம்ம்’னு ஒரு ரீங்காரம். மெஷின்ல கோளாறா?

இரண்டு சாத்தியம். கருவியை சார்ஜரில் செருகியபடி எடுத்தீர்களா? அப்படியென்றால் மின்கம்பி வழியாகவே வந்திருக்கும். பேட்டரியில் ஓட்டுங்கள். பேட்டரியில் ஓட்டியும் கேட்டால் அது உண்மையாகவே தெருவில் இருக்கும் ஒலி. இந்த நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் அதன் இருமடங்கில், 100 ஹெர்ட்ஸில் முனகும். ஃப்ரிட்ஜும் அப்படித்தான். காது அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தள்ளிவைத்துவிட்டது, மைக் தள்ளிவைக்கவில்லை. மேலே சொன்ன ஆதார ஒலிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் இதை எல்லோரும் அறியாமலே கேட்டிருக்கிறோம். கரண்ட் போன அந்த நொடியைக் கவனமாகக் கேளுங்கள். ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் ஒரு குலுக்கலோடு நிற்கும். பக்கத்து வீட்டு டிவி நடுச்சொல்லில் அறும். பிறகு கம்பத்து முனகலும் போய், சுவரே விலகியது போல மூன்று வீடு தள்ளியிருக்கும் சில்வண்டு கேட்கத் தொடங்கும். அரை நிமிடம்தான். அதற்குள் முதல் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பும். மின்வெட்டு வரப்போவது முன்கூட்டியே தெரிந்தால் ஐந்து நிமிடம் முன்னால் பதிவை ஓடவிட்டு, வந்து பத்து நிமிடம் கழித்து நிறுத்துங்கள். ஊரின் மின்சாரம் எப்படி ஒலிக்கிறது என்பதற்கு அது அரிய சான்று.

விடியக்காலைலதான் எடுக்கணும்னு ஏன் எல்லாரும் சொல்றாங்க?

காற்று அடங்கியிருக்கும், வண்டி குறைவு, பறவைகள் ஒன்றுசேர்ந்து கூவும். டிசம்பரில் டர்பனில் ஏறக்குறைய 4.45-க்கே சூரியன் எழும், ஜூனில் 6.50 ஆகும். அதற்கு 45 நிமிடம் முன்பே பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஹடீடா விழித்தபின் போய்ப் பயனில்லை. ஜுலுவில் இன்கன்கனே என்று சொல்லும் அந்தப் பெரிய பழுப்பு அரிவாள்மூக்கன், மரத்தைவிட்டுக் கிளம்பும்போது ‘ஹா... ஹடீடா’ என்று தெருவையே எழுப்பும். லெவலை அதற்கேற்ப வையுங்கள். மெல்லிய குருவிக் குரலுக்காகக் கூட்டி வைத்திருந்தால் ஹடீடா அதைக் கிழித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. குளிர்கால விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது வெதுவெதுப்பாகவும் இருக்கும். அப்போது மேலே போகும் ஒலி வளைந்து கீழே திரும்பும். பகலில் கேட்காத நெடுஞ்சாலை அன்று வீட்டுக்குள்ளேயே ஓடுவது போல இருக்கும். சாலை கூடாது என்றால் கோடை விடியலைத் தேர்ந்தெடுங்கள். ஊர் முழுதும் ஒரே பதிவில் வேண்டும் என்றால் ஜூலையைவிட நல்ல மாதம் இல்லை.

இங்க கேக்கற மைனாவும் காக்காவும் நம்ம ஊரு வகைதானா?

அதே வகைதான். மைனாவை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்பனுக்குக் கொண்டுவந்தார்கள். சாம்பல் கழுத்துக் காகம் பிற்பாடு வந்து சேர்ந்தது. இரண்டும் இங்குள்ள பறவைகளுக்குத் தொல்லை என்று கருதப்படுகின்றன. பதிவில் அவை வந்தால் வெட்டாதீர்கள். டர்பனின் ஒலி அவற்றோடுதான் இருக்கிறது.

இந்த மண்ணின் பறவைகளிலும் நமக்குச் சொந்தம் உண்டு. மழைக்கு முன் கூவும் என்று இங்கே மழைப்பறவைப் பெயர் வாங்கியது, செம்போத்தின் ஒன்றுவிட்ட உறவு. குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் குளுகுளுவென்று வடிவது போல இறங்கும் அதன் குரலைக் கேட்டால் யாரும் சொல்லாமலே தெரியும். வசந்தத்தில் மூன்று சுரம் இறங்கிக் கூவும் செம்மார்புக் குயிலை ஜுலுவில் உபேசுகொம்கோனோ என்பார்கள். அது வந்தால் உழவுக்காலம்.

தவளை சத்தம் எடுக்க போன்ல தவளைக் குரல் போட்டுக் கூப்பிடலாமா?

வேண்டாம். பதிலுக்குக் கத்துவது அதற்குச் சக்தி செலவு. தவறான இடத்துக்கு நகரவும் செய்யும். குவாசுலு-நட்டாலின் கடலோரச் சதுப்புகளில் மட்டுமே வாழும் பிக்கர்ஸ்கில் நாணல் தவளை அழியும் நிலையில் உள்ள இனம். அதன் குரல் பூச்சியின் கிறுகிறுப்பு போல அவ்வளவு மெல்லியது. அது இருக்கும் சதுப்பில் கால் வைப்பதே தவறு. கரையில் நில்லுங்கள்.

மழை பெய்த அடுத்த கோடை இரவில் குளத்தோரம் முக்காலியை வைத்துவிட்டு, விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் போதும். முதலில் தேரையின் குறட்டை, பிறகு நாணல் தவளைகளின் சீட்டி ஒவ்வொன்றாக வந்து சேரும். காலடி பட்டதும் எல்லாம் ஒரே அடியாக நிற்கும். அந்த மௌனத்தையும் விட்டுவிடாதீர்கள்.

வேலிக் கம்பிக்குள்ளயும் சத்தம் இருக்காமே?

இருக்கிறது. காற்றில் கம்பி அதிர்வது பெரும்பாலும் காதுக்கு எட்டாது. பொருளிலேயே ஒட்டவைத்து அதன் அதிர்வை எடுக்கும் தொடு-மைக்குக்குக் கிடைக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 27 மில்லிமீட்டர் பித்தளைப் பீசோ வில்லை, அதாவது அதிர்வை மின்சாரமாக்கும் வில்லை, வாங்குங்கள். நடு வட்டத்தில் ஒன்று, பித்தளை விளிம்பில் ஒன்று என்று கவசக் கம்பியைப் பற்றவையுங்கள். உள்கம்பி நடுவில், கவசம் விளிம்பில். சாலிடர் இரும்பை இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் வெள்ளைப் பூச்சு உரிந்துவிடும். ரப்பர் பெயிண்டில் தோய்த்து உலர்த்தி, கிளிப்பால் கம்பியில் கவ்வவையுங்கள்.

‘ஒலி தகரம் மாதிரி, அடியே இல்லை’ என்று அடுத்த வாரம் எல்லோரும் சொல்வார்கள். பீசோவைச் செருகும் துளையில் ஒரு மெகாஓம் அளவு உள்தடை, அதாவது மின்தடை, தேவை. ரெக்கார்டரின் மைக் துளையில் அது சில ஆயிரம் ஓம்தான், அதனால் அடியொலி வடிந்துவிடுகிறது. நடுவே ஒரு பீசோ முன்பெருக்கியைப் போட்டால் சரியாகும். மின்வேலியில் இதை ஒருபோதும் மாட்டக்கூடாது. டர்பனில் பாதிச் சுவர்களின் மேல் ஓடுவது மின்வேலிதான்.

தனியாப் போகலாமா அக்கா? பயமா இருக்கே.

போக வேண்டாம். ஹெட்போன் போட்டவருக்குப் பின்னால் வருவது தெரியாது. இருவராகப் போங்கள், ஒருவர் கேட்கட்டும், ஒருவர் பார்க்கட்டும். கருவியைச் சாதாரணத் துணிப்பையில் வைத்து, மைக் மட்டும் வெளியே தெரியும்படி பிடிக்கலாம். துறைமுகம், எண்ணெய்க் கிடங்கு பக்கம் காவலர்கள் கேள்வி கேட்பார்கள், முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

காவடி நேரத்துல பதிவு பண்றது சரியா? யார் யார் பேச்சோ விழுமே?

முதலில் கோவில் நிர்வாகத்தையும் குருக்களையும் கேளுங்கள். தைப்பூசமானாலும் சித்திரைப் பருவமானாலும், இசிபிங்கோ மாரியம்மன் கோவிலின் ஈஸ்டர் கால விழாவானாலும், ஊர்வலத்தின் பொது ஒலியை எடுப்பதை யாரும் பெரும்பாலும் மறுப்பதில்லை. அருள் வந்தவரின் முகத்துக்கு எதிரே மைக்கை நீட்டுவது வேறு விஷயம். அவர் அந்த நேரத்தில் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. சாவு வீட்டு அழுகையும் அப்படியே. அந்த வீட்டார் கேட்டுக்கொண்டாலொழிய எடுக்காதீர்கள்.

சட்டமும் உண்டு. நீங்கள் பங்குபெறாத தனிப்பேச்சை ஒளிந்து பதிவு செய்வது 2002-இன் ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்தில் மாட்டும். 2021 ஜூலை முதல் முழுதாக அமலுக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சந்தை இரைச்சலில் கரைந்த பேச்சு பிரச்சினை இல்லை. ஒருவரின் பெயரும் பேச்சும் தெளிவாகப் புரிந்தால் அவரிடம் கேளுங்கள், இல்லையேல் அந்தத் துண்டை வெளியிடாதீர்கள்.

எடுத்த ஃபைலை என்ன செய்றது? போன வருஷத்து ஃபைல்ல எது எதுன்னே தெரியல.

பதிவு தொடங்கியதும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள்: தேதி, மணி, இடம், வானிலை, மைக் எந்தத் திசை பார்க்கிறது, எந்தக் கருவி. பத்து விநாடி வேலை. வீட்டுக்கு வந்ததும் கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள், மணி, இடம் என்ற வரிசையில் மாற்றுங்கள்: 20250412_0530_சில்வர்க்ளென். இப்படி வைத்தால் கணினி தானே காலவரிசையில் அடுக்கும். அசல் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். பறவைக் குரல் என்றால் 2005-இல் தொடங்கிய ஸெனோ-கான்டோ தளத்தில் ஏற்றலாம்.

எடிட் பண்ணினா அது பொய்யாயிடாதா? அதோட, பதிவு நான் கேட்ட மாதிரியே இல்லையே!

இரண்டும் ஒரே கேள்விதான். நம் காது மூளையோடு சேர்ந்து வேலை செய்கிறது. கூட்டத்தில் ஒருவர் பேச்சை மட்டும் பிரித்தெடுக்கும், ஃப்ரிட்ஜை அழித்துவிடும். மைக் எல்லாவற்றையும் ஒரே அளவில் வாங்குகிறது. ஆகவே ஒரு சாலையோரக் குருவியை நீங்கள் பக்கத்தில் கேட்டதாக நினைத்திருப்பீர்கள். பதிவில் அது லாரிக்குப் பின்னால் எங்கோ இருக்கும். மைக்கை இன்னும் நெருக்கமாக வைப்பதுதான் முதல் மருந்து. தூரம் பாதியானால் திறந்தவெளியில் ஒலி 6 டெசிபல் கூடும். மென்பொருளால் அதைச் செய்ய முடியாது.

எங்கே நிற்கிறோம், எப்போது அழுத்துகிறோம் என்பதே தேர்வுதான், ஆகவே தொடாத பதிவு என்று ஒன்று கிடையாது. முன்னும் பின்னும் வெட்டுவதும் கீழ்வெட்டுப் போடுவதும் தவறில்லை. வேறு நாளில் எடுத்த குயிலை இந்த விடியலில் ஒட்டினால் அது இசைக்கோவையாகிவிடும். அதுவும் நல்ல கலைதான், ஆனால் குறிப்பில் அப்படியே எழுதிவையுங்கள். இரைச்சல் நீக்கும் கருவியை மட்டும் கூடியவரை தொடாதீர்கள். மழையையும் இலையையும் அது தண்ணீருக்கடியில் பேசுவது போல ஆக்கிவிடும்.

பழைய சத்தமெல்லாம் போயே போச்சு. இப்ப பதிவு பண்ணி என்ன ஆகப்போகுது ஐயா?

2010 மே வரை விமானங்கள் இறங்கியது தெற்கில், இசிபிங்கோ பக்கம். அந்த மாதம் கிங் ஷாகா விமான நிலையம் வடக்கே லா மெர்சியில் திறந்ததும் இசிபிங்கோவின் வானம் அடங்கி, டோங்காட், வெருலம் பக்கத்து வானம் இரையத் தொடங்கியது. மெர்பேங்க் அருகே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று 2020 டிசம்பர் விபத்துக்குப் பிறகு சுத்திகரிப்பை நிறுத்தியது. அந்த முந்தைய இரவுகளை வாசலில் உட்கார்ந்து யாராவது பத்து நிமிடம் பதிவு செய்திருந்தால் இன்று எவ்வளவு மதிப்பாக இருக்கும். இன்று நீங்கள் எடுப்பதும் அப்படித்தான். உங்கள் வீட்டு வாசல், ஒரே இடம், ஒரே மணி, ஒரே லெவல், பத்து நிமிடம், மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று ஆண்டுக்கு நான்கு முறை. சுவரில் சுண்ணாம்பால் முக்காலியின் இடத்தைக் குறித்துவையுங்கள்.

போன ஒலிகளுக்குப் பெரியவர்களின் நினைவு இருக்கிறது. ‘அந்தக் காலத்தில் என்ன சத்தம் கேட்கும் தாத்தா?’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ‘காலையில் எந்தச் சத்தம் கேட்டு எழுந்தீர்கள்? கரும்பாலைச் சங்கா? இங்கே சிக்ஸ்-ஃபுட் டான்ஸ் என்று சொல்வார்களே, அந்தத் தெருக்கூத்து ராத்திரி எவ்வளவு தூரம் கேட்கும், எந்த வீடு வரை?’ என்று கேளுங்கள். கேட்கும்போது மைக்கை அவர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். ஃப்ரிட்ஜை நிறுத்திவிடுங்கள், பிறகு மறக்காமல் போடுங்கள். பேச்சுக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்த அறையை மட்டும் ஓடவிடுங்கள். அவர் தொண்டையைச் செருமுவதும், சுவர்க் கடிகாரமும், வெளியே போகும் டாக்சியும் அந்த ஒரு நிமிடத்தில் விழும்.